கார்வன் பிரபுவின் ஏழாம் அத்தியாயம்

காலையில் கொஞ்சம் நடந்தால்தான் எனக்குப் பசிக்கும், போதகர் ஐயா. அப்படியே அபார்ட்மெண்ட் வாசலில் தபால் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு வருவேன். அமெரிக்காவில் இருக்கும் இந்த டப்ளினில் மகன் ஷைன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெட்டிச் சாவி என்னிடம்தான்.

என் புத்தகம் உங்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் சரித்திரப் பேராசிரியராக இருந்தபோது தொடங்கியது. கார்வன் பிரபு, பதினேழாம் நூற்றாண்டு அயர்லாந்துக்காரர், பெரிய போர்வீரர். எனக்கு இப்போது கண் மங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஜெஸ்மிதான் டைப் செய்கிறாள். தங்கமான பெண்.

ஏழாம் அத்தியாயம் கோட்டை முற்றுகை. பெண்கள் பத்திரமாக வெளியேறலாம் என்று எதிரி அனுப்பிய கடிதத்தைப் பிரபு பதினோரு நாள் யாருக்கும் காட்டவில்லை. பெண்கள் போய்விட்டால் வெடிமருந்து இடிக்க ஆள் ஏது? அவர் காட்டியபோது கெடு முடிந்திருந்தது. கல்நெஞ்சன் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி எழுதவில்லை.

அந்த அத்தியாயத்தின் நடுவில்தான் நாகர்கோவிலில் ஜெஸ்மியின் அம்மா படுத்த படுக்கையானார். கிரீன் கார்டு வருவதற்குள் ஊருக்குப் போனால், திரும்பி வர அனுமதிக் கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை வருடக் காத்திருப்பும் வீண். அவள் விண்ணப்பம் போட்டாள். தினமும் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே கதவுக்கு ஓடி வருவாள்.

“மாமா, லெட்டர் வந்துச்சா? போஸ்ட் பண்ணியாச்சுன்னு இமிக்ரேஷன் ஆபீஸ்ல சொல்றாங்களே.”

“வரும்மா. இங்கயும் போஸ்ட்மேன் மனுஷன்தானே.”

நான் சொன்னதில் பொய் இல்லை, பாருங்கள். அவள் அழுதபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அழுதுகொண்டே அடித்த பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை. ஏப்ரலில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய வாரமே அத்தியாயம் முடிந்துவிட்டது.

கடிதம் தபாலில் தொலைந்திருக்குமோ என்று ஜெபக்கூட்டத்தில் கேட்டீர்கள். தொலையவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதியே வந்தது. ஏழாம் அத்தியாயக் கோப்பில், மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இப்போது காட்டினால் அவள் தாங்கமாட்டாள். அவள் நன்மைக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

அப்பாவையாவது உயிரோடு பார்க்க வேண்டும் என்று மறுபடியும் விண்ணப்பித்திருந்தாள். நேற்று அதுவும் வந்தது. புத்தகத்தில் இன்னும் ஒரே அத்தியாயம்தான் பாக்கி, முடிந்ததும் கொடுத்துவிடுவேன். நான் என்ன, அவளைப் பூட்டியா வைத்திருக்கிறேன்?