வெர்லினின் எடைக்கல்

ஹக்கிள்பெரிப் பழம் போட்ட கேக் எனக்கு நன்றாக வரும். பக்கத்து வீட்டு வெர்லினுக்கு அது உயிர். அதனால் துப்பாக்கி சுடும் போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு அவருடைய கொட்டகைக்குப் போவேன்.

எங்கள் மொன்டானாவில் கடைத் தோட்டாவோடு போட்டிக்கு வருபவனை யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. வெடிமருந்தை நாமே எடைபோட்டுத் தோட்டாவில் அடைக்க வேண்டும். வெர்லின் அதில் சூரர். சுட்டதும் துப்பாக்கிக் குழாயில் ஓர் அதிர்வு முன்னும் பின்னும் ஓடுமாம். அது குழாயின் வாயைவிட்டு விலகியிருக்கும் நேரம் பார்த்துக் குண்டு வெளியேறினால் குறி தப்பாதாம். மருந்து ஒரு துளி குறைந்தாலும் நேரம் பிசகிவிடுமாம். எட்டு வருடமாகக் கேடயம் அவருக்கு, விளக்கம் எங்களுக்கு. என் மனைவி இன்கிரிட்டின் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதுகூடப் பாதிரியாரைப் பிடித்துவைத்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

தராசைச் சரிபார்க்க அவரிடம் ஐம்பது கிராம் எடைக்கல் ஒன்று உண்டு. அதேபோல் ஒன்று வாங்கி, அடியில் கால் கிராம் அராவினேன். கல் இளைத்தால் தராசு ஏமாந்து மருந்தைக் குறைத்து நிறுக்கும். குறைத்தேன், கூட்டவில்லை, கவனியுங்கள். மருந்து கூடினால் ஆளுக்கே ஆபத்து. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

பயிற்சியின்போது அவருடைய கல்தான் இருக்கும். ஐந்து குண்டும் ஒரே துளையில் போகும். வெள்ளிக்கிழமை அவர் காபி எடுக்க உள்ளே போனதும் கல்லை மாற்றுவேன். அன்றிரவுதான் போட்டிக்கான தோட்டாக்களை அவர் அடைப்பார். சனிக்கிழமை கூட்டத்தின் முன்னால் குண்டுகள் திசைக்கொன்றாகப் போகும். திங்கட்கிழமை கேக் தட்டை வாங்கப் போய்ப் பழைய கல்லை வைத்துவிடுவேன். மனிதர் குழாயை மாற்றினார், மூக்குக்கண்ணாடியை மாற்றினார். எடைக்கல்மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை.

கல் மாற்றத் தொடங்கிய இரண்டாம் கோடையில் ஒருநாள் என்னிடம் வந்தார்.

"டேய் ஐவர், தனியா சுட்டா ஒழுங்காப் போவுதுடா. நாலு பேரு பாத்தா கை நடுங்குது போல."

"எங்க, நீட்டு பாப்போம்."

நீட்டினார். கல்லாக நின்றது.

"லேசா நடுக்கம் இருக்குடா," என்றேன்.

அந்த வாரமே பள்ளிப் பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இருபது வருடம் ஓட்டியவர். "பின்னால புள்ளைங்க இருக்குடா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் பனியில் வண்டி ஓட்டுகிற வயதா அது?

துப்பாக்கியையும், மருந்து அளவெல்லாம் எழுதிவைத்திருந்த குறிப்பேட்டையும் என்னிடமே தந்தார். "நீயாவது ஜெயிடா."

ஜெயித்தேன். கேடயத்துக்கு என் பெயரை வாசித்ததும் முதலில் எழுந்தவர் வெர்லின்தான். விளிம்புவரை நிரம்பிய காபிக் குவளையைத் தலைக்குமேல் உயர்த்தி வாழ்த்தினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. யாராவது அதைக் கவனித்து அவரிடம் சொல்லித் தொலைப்பார்களோ என்று பயந்து, ஓடிப்போய்க் குவளையை வாங்கிக்கொண்டு, தோளைப் பிடித்து அவரை உட்காரவைத்தேன். பாவம், பார்த்துக்கொள்ள அவருக்கும் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?