மூணாம் நம்பர் ரோலர்

– நான் கொழுந்து வெட்டிட்டு மலையிலேருந்து எறங்கி வந்தா, நெத்தி நெறையத் துன்னூறோட ஒக்காந்திருக்கீங்க. எங்க போனீங்க?

– ஃபேக்டரிக்கு, உமா.

– அங்கயா? இனி அந்த வாசலத் தாண்ட மாட்டேன்னு ஒஸ்பித்தல்ல படுத்துக்கிட்டு அழுதீங்களே.

– தோட்டத்துத் துரை லோரி அனுப்புனாரு. ஏறிட்டேன்.

– எதுக்காம்?

– என் கைய முழுங்குச்சே, தேயிலை உருட்டுற மூணாம் நம்பர் ரோலர், அன்னையிலேருந்து எவனும் அதுகிட்ட போக மாட்றான். நிப்பாட்டி வச்சிருந்தாலும் உள்ளுக்குள்ள வெரல் தட்டுற சத்தம் கேக்குதாம். பங்ளாதேஷ்காரனுங்க கூட அந்தப் பக்கம் போறதில்லையாம்.

– கேக்கட்டும்லா. அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?

– அடிபட்டவன் வந்து சூடம் காட்டுனாத்தான் தொடுவோம்னு எல்லாரும் ஒரே புடியா நின்னுட்டானுங்க. பூசணிக்காய என்கூட வேலை செஞ்ச புனிதன் ஒடச்சான். சூடம் நான் காட்டுனேன்.

– இடது கையாலயா? சாமிக்கா?

– வேற எந்தக் கையால காட்டுறது?

– ஐயோ, தெரியாம கேட்டுட்டேங்க.

– மூஞ்சத் தொங்கப் போடாத. நல்ல சேதி இருக்கு. கேட்டுல காவலுக்கு ஜாகா வேலை தரேன்னுட்டாரு துரை. நாற்காலியில ஒக்காந்து பாத்துக்கிட்டா போதும்.

– சும்மாவா தந்தாரு?

– எல்லாருக்கும் முன்னால ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாரு. மெஷின் மேல தப்பில்ல, நாந்தான் கவனமில்லாம கைய விட்டேன்னு.

– சொல்லிட்டீங்களா?

– சொல்லிட்டேன்.

– மனசாட்சி இருக்கா ஒங்களுக்கு? அந்த மெஷின் மூடி இல்லாம கெடந்துச்சு! ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கக் கழட்டுனாங்க, அப்புறம் மாட்டவே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?

– மூடி இருந்தா எலை சிக்குறப்பல்லாம் நிப்பாட்டிக் கழட்டணும். இல்லாட்டி கையால தள்ளிவிட்டு ஓட்டிக்கிட்டே இருக்கலாம். நானுந்தான் மாட்டச் சொல்லல.

– இப்ப மாட்டியிருக்காங்களா?

– ம்.

– என்னா ம்? என்னையப் பாத்துச் சொல்லுங்க.

– செவுத்துல சாச்சு வச்சிருக்கு. அதுக்கும் ஒரு பொட்டு வச்சானுங்க.

– அதப் பாத்துக்கிட்டா சும்மா வந்தீங்க?

– பாத்ததும் என் வலது கை மூடிக்கிச்சு உமா. இல்லாத கை. வெரல் ஒவ்வொண்ணும் தெரியுது, நகம் உள்ளங்கையில குத்துது. தொறக்கப் பாக்குறேன், தொறக்க மாட்டேங்குது. இப்பவும் அப்படியேதான் இருக்கு. பயமா இருக்கு.

– பயந்த மனுசன் அங்கயே வாயத் தொறந்திருக்கலாம்ல?

– தொறந்தா ஜாகா வேலை போயிரும். நீ குளிர்ல மலையேற, நான் வீட்டுல ஒக்காந்து திங்கவா? புனிதன் சுவிச்சப் போட்டான். ஓடுச்சு. எல்லாரும் கை தட்டுனானுங்க. நானும் தட்டப் போயிட்டேன்.

– விடுங்க. அழாதீங்க.

– நாளைக்கே எலை போடப் போறாங்களாம்.

– நாளைக்கேவா?

– புது ஆள் வருதாம். யாருன்னு ஆபீஸ் கிராணி சொல்லல. யாரா இருந்தா எனக்கென்னா? அவன் தலையெழுத்து.

– அப்படிச் சொல்லாதீங்க.

– பின்ன எப்படிச் சொல்றது?

– நீங்க ஒஸ்பித்தல்ல இருந்தப்ப கிராணி இங்க வந்தாரு. இந்த லயத்து வீடு ஃபேக்டரி ஆளுக்குத்தானாம். ஒங்களுக்குப் பதிலா வீட்டுலேருந்து ஒருத்தர் வரலன்னா காலி பண்ணணும்னாரு. நான் சரின்னுட்டேன்.

– நீ இன்னும் மலையிலதானே கொழுந்து வெட்டுற?

– எல்லாரும் பயந்துக்கிட்டே இருக்கணும், அது ஓடவே கூடாதுன்னு தெனமும் சாமியக் கும்பிட்டேன். ரோலர் ஓடுனதும் ஒங்க எடத்துல நான் வந்து நிக்கணும்னு கிராணி சொல்லியிருக்காருங்க.