இரண்டு மணி பத்து நிமிடம்

கட்டத்துக்கு வெளியே எழுத்து வழிந்தால் எனக்குப் பொறுக்காது. தினமும் டாக்டருக்குப் போகும் தாளின் கடைசிக் கட்டம் குறுகலானது. மணிக்கும் நிமிடத்துக்கும்தான் இடம்.

என் பெயர் குசுமி. ஜப்பானில், அகிதா மலையடிவாரத்து மனநல மருத்துவமனையில் ஒன்பது வருடமாகக் கணினிப் பதிவுகளைப் பார்த்துவந்தேன். தனியறைக் கதவு பூட்டிய நேரம் தரவுத்தளத்தில் தானாக விழும். பூட்டி எவ்வளவு நேரமாயிற்று என்று கழித்து, தாளில் பதித்து, காலை ஒன்பதுக்கு டாக்டர் மேசைக்கு அனுப்புவது நான் எழுதிய கணினி நிரல். இருபத்துநாலு மணி நேரம் தாண்டினால் அவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அவர் கையெழுத்தில்லாமல் செவிலியர் கதவைத் திறக்க முடியாது.

தரவுத்தளம் முழு நாட்களைத் தனியாகவும் மிச்ச மணியைத் தனியாகவும் வைத்திருந்தது. நான் மணியையும் நிமிடத்தையும் மட்டும் கேட்டேன்; அதை மட்டும் தந்தது. நிரல் ஓடத் தொடங்கி ஆறு மாதம் எனக்கே இது தெரியாது. நம்புங்கள்.

பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, செவிலியர் நிவா வந்தார்.

"குசுமி சான், மூணாம் ரூம் சயோகோ அம்மாவ வியாழக்கெழம காலைல ஆறு அம்பதுக்குப் பூட்டினோம். இன்னிக்கும் தாள்ல ரெண்டு மணி பத்து நிமிஷம்தான் இருக்கு. டாக்டர் 'இப்பதானே போட்டிருக்கீங்க, இருக்கட்டும்'ங்கிறாரு."

"நடுவுல டாக்டர் கையெழுத்தோட குளிக்கத் திறந்து மறுபடி பூட்டியிருப்பீங்க."

"திறக்கவே இல்ல. சொன்னா, 'தாளை விட உனக்குத் தெரியுமா'ன்னு கேக்குறாரு. அவங்க கதவைத் தட்டுறதையே நிறுத்திட்டாங்க."

"மெஷின் பொய் சொல்லாது, நிவா சான்."

அவர் போனதும் பார்த்தேன். உள்ளே 'இரண்டு நாள், 02:10' என்று சரியாகவே இருந்தது. திருத்த ஒரு வரி போதும். திருத்தினால் ஆறு மாதத் தாள்களும் பொய்யாகும். ஏப்ரலில் எனக்குப் பிரிவுத் தலைவர் பதவி வர இருந்தது. நானும்தான் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தேன்.

குறிப்பெழுதுவதில் நிவாவுக்குக் கவனம் போதாது என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். அவரை வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள்.

பிறகு தினமும் தேநீரோடு உட்கார்ந்து உண்மைக் கணக்கைத் திறந்து பார்ப்பேன். நான்கு நாள். ஏழு நாள். ஒன்பது. தாள் மட்டும் மாறாமல் போய்க்கொண்டிருந்தது.

பதினோராம் நாள், கதவின் கீழ்த் திறப்பு வழியே தள்ளிய சோற்றுத்தட்டு தொடப்படாமல் கிடக்கவே, கையெழுத்துக்குக் காத்திராமல் கதவைத் திறந்தார்கள். சயோகோவைத் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அசையாமல் கிடந்ததில் காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறி அடைத்து உயிர் போய்விட்டதாம்.

ஆம், தெரிந்தேதான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கதவைப் பூட்டியது நான் இல்லை. நான் அனுப்பிய தாள்களை எடுத்துப் பாருங்கள். மணியிலோ நிமிடத்திலோ ஒரு பிழை காட்ட முடியாது.