அரைச் சுற்று

காபுரேட்டரில் காற்றுத் திருகை அரைச் சுற்றுத் திருப்பிவிடுவதற்கு நான் யாரிடமும் காசு வாங்குவதில்லை, தம்பி. அது இனாம். பட்டினத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள். பிளக்குக்குக் காசு, கேபிளுக்குக் காசு, ஒயில் மாற்றினால் வெறும் போத்தலுக்கும் சேர்த்துக் காசு. திருகுக்கு மட்டும் இல்லை. ஒரு நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு விலை சொன்னால் வாடிக்கை முறிந்துவிடும் என்று அப்பா சீனித்தம்பி முதலாளி எனக்குச் சின்னதிலேயே படிப்பித்துவிட்டார்.

நீங்கள் கோப்பும் கையுமாக வந்திருக்கிறீர்கள். றூபெர்ட் அண்ணன் 2009 ஏப்ரலில் வாகரைப் பாதையில் ஒரு காவலரணில் சுடப்பட்டதைப் பற்றி விபரம் எடுக்கிறீர்கள். சிப்பாய் காரணமில்லாமல் சுட்டான் என்று நான் ஒரு கையெழுத்துப் போட்டால், அவுஸ்திரேலியாவில் இருக்கிற அவர் மகள் றொவீனாவுக்கு ஏதோ நியாயம் கிடைக்கும் என்கிறீர்கள். போடலாம். கையெழுத்தும் இனாம்தான். ஆனால் 'காரணமில்லாமல்' என்ற சொல் எனக்கு இடிக்கிறது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன், இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்வேன். இருக்கிறதை இல்லை என்று எழுதித் தரமாட்டேன்.

முதலில் ஆளைச் சொல்கிறேன். றூபெர்ட் அண்ணன் போர்த்துக்கேய வழி வந்த பறங்கி மனிதர். தொலைபேசிக் கம்பி பார்க்கிற வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வெடுத்தவர். கடலோரத்து டச் பாரில் எங்கள் வளவும் அவருடைய வளவும் ஒரே வேலி. அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு காபுரேட்டர், இரண்டு பக்கமும் தகரப் பெட்டி வைத்த தூரப் பயண வண்டி. எண்பத்தோராம் ஆண்டு ஒரு வெள்ளைக்காரச் சோடி தரைவழியாகவே அதில் இந்தியா வரை வந்து, கப்பலேறி இங்கே இறங்கி, பாசிக்குடாவில் காசு முடிந்து விற்றுவிட்டுப் போனது. அதில் அண்ணன் தன் மனைவி புளோறன்ஸை ஏற்றிக்கொண்டு திருகோணமலை, மன்னார் என்று சுற்றியிருக்கிறார். பிறகு யுத்தம் வந்து பாதையெல்லாம் மூடிக்கொள்ள, வண்டி கொட்டிலுக்குள் நின்றது.

2004 நத்தாருக்கு மறுநாள் சுனாமி வந்தபோது அவர் கோயில் பூசைக்குப் பட்டினம் போயிருந்தார். புளோறன்ஸ் அக்கா வீட்டில். நான் தோணியில். வாவிக்கு அக்கரை படுவான்கரைக்குப் பதினாறு டயர் கொண்டுபோகிற நாள் அது. தண்ணீர் என்னை வேலிக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போனது. அக்கா தன் குசினிக் கூரையில் நின்றார். என்னைக் கண்டதும் கையிலிருந்த வளையலைக் கழற்றி நீட்டினார். "சூரியம், இத எடு, என்ன ஏத்து மனே" என்றார். மூன்று பவுண். விலையை அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு கைதான். ஒன்றில் துடுப்பு. மற்றதால் வளையலை வாங்கினேன். பொருளை முதலில் கையில் வாங்கு என்பது எங்கள் கடைப் பழக்கம். அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. ஒரு டியூபையாவது எறிந்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். டயர்தான் ஏற்றியிருந்தேன், டியூப் ஏற்றவில்லை.

மூன்றாம் நாள் மீன் விற்கிற கோணாமலையும் ஆட்களும் தோணிகளில் தேடி அக்காவை எடுத்துவந்தார்கள். வளையலின் உட்பக்கம் அவருடைய பெயரும் கலியாண வருடமும் வெட்டியிருந்தது. விற்க வழியில்லை. உருக்கினால் சேதாரம் போகும். வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நாலு வருடம் ஒரு குறையுமில்லை. அண்ணனுக்கு உள்ளே தள்ளி ஒரு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. பக்கத்து வீட்டில் கனகமணி, அவளும் டச் பார்க்காரிதான். சுனாமி அன்று தண்ணீர்த் தாங்கியில் ஏறித் தப்பியவள். மணலுக்குள் கிடந்த மோட்டார் சைக்கிளை அண்ணன் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து குசினிக்குப் பின்னால் போட்டுவைத்திருந்தார். 2009 தை மாதம் என் கடைக்கு வந்தார்.

"சூரியம், வாகரைப் பாதை திறந்து கிடக்கு. வண்டியக் கிளப்பித் தா. புளோறன்ஸோட போன பாதையில ஒருக்காப் போய் வரவேணும்."

"உப்புத் தண்ணி குடிச்ச எஞ்சின் அண்ணன். இரும்புக்குப் போடுங்க, நான் நல்ல விலை எடுத்துத் தாறன்."

"நீயும் உன்ட விலையும். ஞாயிறு பூசை முடிய வா."

போனேன். பதினொரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எண்ணிக்கை முக்கியம், எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பிழை தேடுகிற விதமே வேறு. நாங்கள் கடைக்காரர்கள் சந்தேகப்பட்ட சாமானைக் கழற்றி எறிந்து புதுசு போடுவோம், அதில்தானே பிழைப்பு. அவர் கம்பிக்காரர். எத்தனை மைல் நீளமான கம்பியிலும் ஒரே ஓர் இடம்தான் அறுந்திருக்கும் என்று நம்புகிற ஆள். ஒரு கொப்பி வைத்திருந்தார். நெருப்பு, பெற்றோல், காற்று என்று எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியானதைக் கோடிழுத்து வெட்டுவார். "மிஞ்சிறதுதான் பிழை" என்பார். இறுகிப்போன பிஸ்டன்களை டீசலில் மூன்று வாரம் ஊறவைத்தோம். காபுரேட்டர் துளைகளில் அடைந்திருந்த உப்பை வினாகிரியில் அவித்து எடுத்தோம். நாலாம் ஞாயிறு, ஒரு துளையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அண்டைக்கு எங்கட பக்கம் தோணியில நிண்டாக்கள் ஆரார்ரா சூரியம்?"

"ஆரெண்டு நான் எங்க பாத்தன் அண்ணன்? அவரவர் உயிர் அவரவருக்கு."

"நீயும் நிண்ட தானே."

"நிண்டன். தண்ணி என்ன அங்கால தள்ளிப் போட்டுது."

"ஓம்" என்றார். துளையை ஊதினார். கொப்பியை எடுத்துப் பின்பக்கத்தில் என்னவோ எழுதினார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கொப்பியில்தான் கண். எங்கள் கடையிலும் ஒரு கொப்பி இருந்தது. அதில் பெயர் இருப்பவன் தரவேண்டியவன். தந்து முடித்தால் அப்பா பெயருக்கு மேல் கோடு இழுப்பார். கோடு விழாதவன் தெருவில் போனால் எழுந்து போய் மறிப்பார். நடக்கத் தெரிந்த நாள் முதல் பார்த்த கொப்பி.

அடுத்த வாரம் றூபெர்ட் அண்ணன் முகத்துவாரத்தில் கோணாமலை வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். மீன் சந்தையில் அவனைப் பிடித்தேன்.

"றூபெர்ட் அண்ணன் என்னவாம்?"

"ஒண்டுமில்ல. சும்மா கதைச்சிட்டுப் போனார்."

"சும்மா கதைக்கிறதுக்கு ஆரும் முகத்துவாரத்துக்கு நடந்து போறல்ல."

"போனார் எண்டாப் போனார். நீ கூனி வாங்க வந்தியோ, என்ன விசாரிக்க வந்தியோ?" என்று தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கோணாமலை முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லத் தெரியாத ஆள். அதற்குப் பிறகு அண்ணன், டச் பாரில் இருந்த விஜிதரன் வீட்டுக்குப் போனார். முனாப் காக்காவிடமும் கச்சி முகம்மதுவிடமும் போனார். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: சும்மா. ஒரு ஞாயிறு நான் போனபோது அண்ணன் வேலிக்கு இப்பால், கனகமணி அப்பால், இருவரும் மெல்லக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை மடக்கிவிட்டாள். தாங்கியில் நின்றவளுக்கு அந்தக் குசினிக் கூரை எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். நான் வீட்டுக்குப் போய் எத்தனையோ தடவை மனதுக்குள் அளந்து பார்த்த தூரம் அது.

எட்டாம் ஞாயிறு எஞ்சின் உயிர் பெற்றது. வேகம் கூட்டிவிட்டுக் கைப்பிடியைத் தளர்த்தியதும் சைலன்சர் துவக்குப் போல வெடித்தது. இரண்டு தரம். தெருவில் போனவர்கள் குந்திவிட்டார்கள்.

"றூபெர்ட் அண்ணன், நெஞ்சுக் குத்துக்காரி ஒருத்தி இஞ்சால இருக்கன். கொல்லுறதெண்டா சொல்லிப்போட்டுக் கொல்லுங்க" என்றாள் கனகமணி.

"உன்னக் கொல்ல ரெண்டு சிலிண்டர் காணாது புள்ள."

சந்தியிலிருந்து இரண்டு சிப்பாய்கள் துவக்கை நீட்டியபடி ஓடிவந்தார்கள். அண்ணன் வெறுந்தேத்தண்ணீர் கொடுத்து, வெடித்தது எது என்று இயக்கியும் காட்டினார். அதில் சின்னவன் தெரிந்த தமிழில் சொன்னான்: "ஐயா, இந்தச் சத்தம் நல்லம் இல்ல. எங்களுக்குப் பயம். பயம் வந்தா சுடும்."

அந்தப் பிழையையும் கண்டுபிடித்தோம். சைலன்சர் மூட்டில் செப்பு வளையம் தேய்ந்திருந்தது, மாற்றினோம். மிச்சம் வலது காபுரேட்டரின் காற்றுத் திருகில் இருந்தது. வெளியே கூடுதலாக வந்திருந்தால் காற்று மிஞ்சும், எரியாத பெற்றோல் சூடான சைலன்சருக்குள் போய் வெடிக்கும். முழுக்க இறுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வைத்ததும் பூனைக்குட்டி போலாகிவிட்டது. 'வலது ஒன்றரை, இடது ஒன்றரை' என்று கொப்பியில் எழுதிக் கோடிழுத்தார்.

பதினோராம் ஞாயிறு வேலை ஒன்றுமில்லை. காற்றடித்தோம், பெட்டிகளைப் பூட்டிப் பார்த்தோம். அவர் தேத்தண்ணீர் எடுக்க உள்ளே போனார். கொப்பி இருக்கையில் விரிந்து கிடந்தது, பின்பக்கம். ஐந்து பெயர். கோணாமலை, விஜிதரன், முனாப், கச்சி முகம்மது: நாலுக்கும் கோடு இழுத்திருந்தது. கடைசிப் பெயர் கனகசூரியம். கோடு இல்லை. மிஞ்சுவதுதான் பிழை.

கோப்பையோடு வந்தவர் என்னையும் கொப்பியையும் பார்த்தார். கொப்பியை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"நாளைக்கு விடிய வெளிக்கிடுறன். மூண்டு நாளில வந்திருவன். வந்து உன்னோட ஒரு விசயம் கதைக்கவேணும்."

"இப்ப சொல்லுங்களன் அண்ணன்."

"இப்ப சொல்லேலாது. அதுக்கொரு முறை இருக்கு. மறுகா கதைப்பம்."

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். அப்பா கோடு விழாத பெயரைக் கூப்பிட்டு முதலில் தேத்தண்ணீர் கொடுக்கிற சிரிப்பு. பிறகு அவர் கோப்பைகளைக் கழுவப் போனார். திருப்புளி என் சட்டைப் பையில் இருந்தது.

வலது பக்கம், அரைச் சுற்று, வெளியே.

நான் அவரைக் கொல்லவில்லை என்பதை நீங்கள் இந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம். வளவுக்குள் ஓட்டினால் அது சத்தம் போடாது. அவரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், போடவில்லை. வண்டி நல்லாகச் சூடேறி, வேகமாக வந்து, சட்டென்று கைப்பிடியை விடவேண்டும். புதுசாகத் திருத்திய நேர்ப் பாதை. ஆளில்லாத பற்றைக் காடு. அந்தப் பாதையில் ஒரு மனிதன் எந்த இடத்தில் வேகத்தை விடுவான் என்பது மட்டும்தான் கேள்வி. அவர் விடாமல் போயிருக்கலாம். காவலரணில் நின்ற பொடியன் காது கேளாதவனாக இருந்திருக்கலாம். இத்தனை பேர் நடுவில் நின்றபோது, அரைச் சுற்றை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்பது சரியில்லை.

திங்கள் காலை ஒன்பதே காலுக்குச் சுட்டார்கள். இன்னும் ஐந்து வாரம் பொறுத்திருந்தால் யுத்தமே முடிந்திருக்கும். மனிதருக்கு அவசரம்.

வண்டியை எடுத்துவர லொறி பிடித்துக்கொண்டு போனது நான்தான். வேறு யாருக்கும் அக்கறையில்லை. சுட்ட பொடியன் மணல் மூட்டையில் குந்தியிருந்தான், இருபது வயது இராது. "வெடி வந்தது, வெடி வந்தது" என்று என்னிடம் நாலு தரம் சொன்னான். நான் தலையாட்டினேன். லொறியில் ஏற்றுமுன் திருகை உள்ளே அரைச் சுற்றுத் திருப்பி ஒன்றரையில் வைத்தேன். பிறகு என் கடைக்கு வந்த அதிகாரி இயக்கி, பாதையில் வேகமாக ஓட்டியும் பார்த்தார். பூனைக்குட்டி. அதனால்தான் உங்கள் கோப்பில் அந்தப் பொடியன் பொய் சொன்னதாக இருக்கிறது.

கொப்பி பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் வைத்து ஆறுதலாக வாசித்தேன். நான் அன்று கண்ட பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் தலைப்பு இருந்தது: 'புளோறன்ஸின் பேரில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள்.' கோணாமலை, உடலைத் தேடி எடுத்தவன். முனாப், வெள்ளைத் துணி தந்தவர். இப்படி. நன்றி சொல்லச் சொல்லக் கோடு இழுத்திருக்கிறார். வெளியே சொல்லவேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுமிருக்கிறார், கூச்சக்காரர். அதாவது, தம்பி, பெயர் இருந்தவர்கள் தரவேண்டியவர்கள் அல்ல. அவர் தரவேண்டியவர். கொப்பியை அப்படியும் எழுதலாம் என்று எங்கள் கடையில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

கடைசிப் பெயரைப் பற்றி அந்த முந்திய பக்கத்தில் இருந்ததை அப்படியே சொல்கிறேன்: 'கனகசூரியம். அவள் உயிரோடு நிற்கும்போது அவளுக்குக் கை நீட்டிய ஒரே ஆள். கனகமணி தாங்கியிலிருந்து கண்டிருக்கிறாள். காப்பாற்ற முடியவில்லை என்ற வெட்கத்தில் சொல்லாமல் திரிகிறான். பயணம் முடிந்ததும் வண்டியை இவன் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.'

கனகமணி கண்டது சரி. கை நீட்டினேன். முன்னே சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செய்துகொள்ளுங்கள். அக்கா வளையலைக் கழற்றவில்லை. கையைத்தான் நீட்டினார். நான் மணிக்கட்டில் பிடித்தேன். ஈரத்தில் வளையல் சுகமாக வழுக்கிக்கொண்டு வந்தது. அது வந்த பிறகு தொடர்ந்து பிடித்திருக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. அவர் விலை சொன்னதாகச் சொன்னது நான் பிற்பாடு சேர்த்தது. ஒரு பொருள் கைமாறினால் அதற்கு ஒரு பேச்சு இருக்கவேண்டும் அல்லவா.

இனி எழுதுங்கள், முழுக் கணக்கையும் தருகிறேன். வளையல் மூன்று பவுண், என்னிடம் இருக்கிறது. அண்ணனுடைய சவப்பெட்டிக்கும் லொறிக்கும் நான் போட்ட காசு அதற்குச் சரி. வண்டி அவரே கைப்பட எழுதித் தந்தது. அதில் எனக்குக் கடனில்லை. திருகு இனாம். பதினொரு ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டும் இன்னும் வரவேண்டியிருக்கிறது. அதை நான் விட்டுவிட்டேன். செத்த மனிதரிடம் கேட்கிற ஆள் நான் இல்லை.