சீட்டில் முதல் பெயர்

— பேக்கக் கீழ வைங்க மொதல்ல. இது உங்க கையெழுத்துதானே?

— மௌரீன், கீழ கேப் வந்து நிக்குது. ஏர்போர்ட் போய்ச் சேரவே ரெண்டு மணி நேரம் ஆகும்.

— நிக்கட்டும். "சாமியார்கிட்ட குடுத்துடு"ன்னு ஃப்ரிட்ஜ் மேல வெச்சீங்களே, ஆத்துமாச் சீட்டு. வருஷா வருஷம் நீங்களே ஒட்டிக் குடுத்துட்டு வந்துடுவீங்க. இன்னிக்குப் பிரிச்சுப் பார்த்தேன்.

— எதுக்குப் பிரிச்ச?

— எங்க மம்மி பேரு விட்டுப் போச்சான்னு பார்க்கத்தான். ஜீசஸே, மொத பேரே என்னா எழுதியிருக்கீங்க? சில்வெஸ்டர்! உசிரோட இருக்கிற ஆம்பள எவனாச்சும் நவம்பர் ரெண்டாந்தேதி செத்தவங்க பூசைக்குத் தன் பேரையே எழுதிக் குடுப்பானா?

— இரு, இரு. சத்தம் போடாத.

— போடுவேன். காக்ஸ் டவுனே கேக்கட்டும். திரும்பி வர்ற எண்ணமே இல்ல உங்களுக்கு. பர்மாவுல போய்ச் சாகுறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் டிக்கெட் போட்டிருக்கீங்க. அறுபது வயசுல புரட்சி ஒண்ணுதான் கொறச்சல்!

— என் புரட்சியெல்லாம் எண்பத்தெட்டோட முடிஞ்சிடுச்சு. காலேஜ்ல ஸ்ட்ரைக் நடத்தினேன், சுட்டாங்க, ஆத்தத் தாண்டி மணிப்பூருக்கு ஓடி வந்தேன். இப்ப அங்க துப்பாக்கி தூக்குறவங்க நம்ம பொண்ணு டீனாவ விடச் சின்னவங்க. நான் போறது அந்தப் பெரியவரப் பார்க்க, அவ்வளவுதான்.

— பெரியவரா? பெத்த அப்பாவ எவனாச்சும் பெரியவருன்னு சொல்லுவானா?

— வாய்ல வந்துடுச்சு.

— முப்பத்தேழு வருஷமா ஒரு லெட்டர் போடல. "அண்ணனுக்கு ஆஞ்சலா எழுதுவது, ஊரு பாதி எரிஞ்சு போச்சு, கோயில்ல தங்கியிருக்கோம், அப்பாவுக்குக் கண்ணு ரெண்டும் போயிடுச்சு, நாள எண்ணிக்கிட்டு இருக்காரு"ன்னு நம்ம சாமியார் மூலமா ஒரு சேதி வந்ததும் பொட்டி கட்டிட்டீங்க. இந்தப் பக்கம் மணிப்பூர்ல சண்டை, அந்தப் பக்கம் பர்மாவுல சண்டை. நடுவுல நீங்க டிராலி பேக்க இழுத்துக்கிட்டுப் போவீங்களா?

— டிரைவர் ஃபோன் பண்றான் பாரு.

— குடுங்க இங்க. ஹலோ... ஹாங் அண்ணா, ஐது நிமிஷ இரி, பர்த்தாரே. ம், அஞ்சு நிமிஷம் வாங்கியிருக்கேன். சொல்லுங்க. எதுக்கு உங்க பேர எழுதினீங்க?

— அது என் பேரு இல்ல மௌரீன்.

— என்னா மேன், வெளையாடுறீங்களா?

— அது சில்வெஸ்டருக்கு. ஆத்துல போனானே, அவனுக்கு.

— யாரு ஆத்துல போனா?

— என்னைத்தான் தேடுனாங்க, அவன இல்ல. அவன் ஸ்ட்ரைக்குக்குக்கூட வந்ததில்ல. ஆழம் தெரிஞ்சவன்னு எனக்கு வழி காட்ட வந்தான். கரையில நிக்கும்போதே அவனோட ஞானஸ்நான சர்டிஃபிகேட்ட பிளாஸ்டிக் கவர்ல சுத்தி என் சட்டைக்குள்ள சொருகினான். "அந்தப் பக்கம் சாமியாருங்க யாராச்சும் கேட்டா இதக் காட்டு, சோறாவது போடுவாங்க"ன்னான். பாதி ஆத்துல திரும்பிப் பார்த்தேன், ஆளக் காணோம். நான் திரும்பிப் போகல மௌரீன். நீந்திக் கரையேறிட்டேன்.

— யார் மேன் நீ?

— சந்திரன். அப்பன் ஆத்தா இல்லாதவன். அவங்க வீட்டுச் சோத்துலதான் வளர்ந்தேன். அவன் பூசைக்கு உதவி செய்யப் போவான், நானும் பின்னாலயே போய் நிப்பேன். ஜெபமெல்லாம் அப்படி வந்ததுதான்.

— அப்போ ஞானஸ்நானமே வாங்கல நீ. ஓ... அதான் பூசையில சாமியார் குடுக்குற அப்பம், நன்மை வாங்க எழுந்ததே இல்லையா? ஒரு வாரம் முட்டி வலி, ஒரு வாரம் வயிறு சரியில்ல. முப்பத்தொரு வருஷம் பெஞ்சிலயே உக்காந்திருந்த, நானும் பக்தி கம்மின்னு நெனச்சேன்.

— கல்யாணத்தன்னிக்கு ஒரே ஒரு தடவ வாங்கினேன். இன்னும் தொண்டையிலயே நிக்குது.

— டிசம்பர் முப்பத்தொண்ணு, உன் பேர்கொண்ட புனிதர் திருநாள்னு வருஷா வருஷம் கேக் செய்வேனே! ஒரு வாய் திங்க மாட்ட. சுகர்னு சொல்லுவ. டெஸ்ட் எடுத்தா சுகரே இருக்காது!

— அது அவனோட கேக்.

— டீனாகிட்ட நான் என்னா சொல்லுவேன்? அவ பாஸ்போர்ட்ல, ஆபீஸ் கார்டுல, எங்க பார்த்தாலும் டீனா சில்வெஸ்டர். யாரத்தான் நான் கட்டிக்கிட்டேன்?

— என்னைத்தான். பேரு மட்டும்தான் அவனோடது.

— மட்டுமா! கேக்கவே வயிறு எரியுது மேன்.

— எரியட்டும், என்னை நாலு அறை அறை. ஆனா இன்னொண்ணு இருக்கு, அதயும் கேளு. கல்யாணம் முடிஞ்சதும் நம்ம சாமியார் நான் ஞானஸ்நானம் வாங்கின கோயிலுக்கு, அதாவது அவன் வாங்கின கோயிலுக்கு, தகவல் அனுப்பிட்டாரு.

— எல்லாருக்கும்தான் அனுப்புவாங்க. அங்க ரிஜிஸ்தர்ல அவன் பேருக்கு நேரா கல்யாணத்த எழுதணும். இது தெரியாதா?

— பொறந்ததுலேருந்து கோயிலுக்குள்ள இருக்கிற உனக்குத் தெரியும், எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஊருச் சாமியார் அவங்க அப்பாகிட்ட போய், "உம்ம மகன் பெங்களூர்ல நல்லா இருக்கான், கல்யாணம் ஆயிடுச்சு"ன்னு சொல்லியிருப்பாரு. செத்தவன் வருவான் வருவான்னு அந்த மனுஷன் முப்பத்தொரு வருஷம் வாசலப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு.

— இப்ப போய் என்னா சொல்லப் போற?

— தெரியல. கண்ணுதான் தெரியாதே. கையப் பிடிச்சு "அப்பா"ன்னா நிம்மதியாப் போயிடுவாரு.

— சாகப் போற மனுஷன்கிட்ட இன்னொரு பொய்யா?

— நெசத்தச் சொன்னா அவர் மகன இன்னொரு தடவ ஆத்துல விட்ட மாதிரி. ரெண்டுல எது பாவம்னு நீ சொல்லு மௌரீன். நான் போட்டுக் குழப்பிப் பைத்தியமே பிடிக்குது.

— ஃபோன் அடிக்குது. டிரைவரா?

— இல்ல. அந்த ஊரு நம்பர்.

— எடு.

— என்னால முடியாது.

— நான் ஸ்பீக்கர்ல போடுறேன். இந்த வீட்ல ஒளிச்சது போதும்.

— அண்ணே? நான் ஆஞ்சலா பேசுறேண்ணே. லைனு எப்ப கட்டாகும்னு தெரியாது. கிளம்பிட்டீங்களாண்ணே?

— ஆஞ்சலா, நான்... நான் உங்கண்ணன் இல்லம்மா.

— தெரியும்ணே.

— என்ன தெரியும்?

— எங்கண்ணன் மூணாம் நாளே கீழ்த்துறையில ஒதுங்கினாண்ணே. நானும் அப்பாவும்தான் தூக்கிட்டு வந்தோம்.

— ஜீசஸே!

— பக்கத்துல அண்ணியா? கேக்கட்டும்ணே, நல்லதுதான். சாமியார் கைமாறி வர்ற சேதி, அவரு படிச்சிடுவாருன்னுதான் பேரு எழுதாம அண்ணனுக்குன்னு போட்டேன்.

— அப்போ, எங்க கல்யாணத் தகவல் வந்தப்போ?

— சர்டிஃபிகேட்டு உங்க கையிலதான் இருக்குன்னு அப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னிக்குப் பூசை வெச்சு, தெருவுக்கே சோறு போட்டாருண்ணே. ஒரு பையனாவது பிழைச்சானேன்னு அழுதாரு.

— அவனுக்குக் கல்லறை இருக்கா ஆஞ்சலா?

— இருக்குண்ணே. பொணத்தக் கொண்டாந்தப்போ பட்டாளத்துக்காரன் வாசல்ல வந்து நின்னு, இது யாருன்னு கேட்டான். தண்ணியில ஊறி மூஞ்சி அடையாளமே தெரியல. அப்பா தோள்துண்ட எடுத்து மூஞ்சிய மூடினாரு. அப்புறம், "நீங்க தேடுற சந்திரன் இதுதான்"னுட்டாரு. அதோட உங்களத் தேடுறத விட்டாங்க.

— ஐயோ, என் அப்பா...

— சிலுவையில உங்க பேருதாண்ணே வெட்டியிருக்கு. ஆத்துமாக்கள் திருநாளுக்கு அதுலதான் மெழுகுவத்தி ஏத்துறோம், பெத்த மகன் பேரச் சொல்லி அழாமயே அப்பா இத்தன வருஷம் இருந்துட்டாரு. இப்ப பட்டாளம் ஊர விட்டு ஓடிப்போச்சு. கண்ண மூடுறதுக்குள்ள பேர மாத்தணும், அதுக்கு உசிரோட இருக்கிறவன் வந்து நிக்கணும்கிறாரு. வாங்க, சந்திரண்ணே.