வக்கீல் ஐயாவின் மூன்றாவது பட்டன்

பங்குத்தந்தை அவர்களே, நம் உதவிச் சபையின் தலைவர் அவர்களே, வக்கீல் ஐயாவின் துணைவியார் அவர்களே, நாற்காலிகள் காலியாக இருந்தும் வாசலில் நின்றே துக்கம் காக்கும் அன்பர்களே!

நம் வக்கீல் ஐயா போய்விட்டார். எத்தனை பேருக்கு வாய்தா வாங்கிக் கொடுத்தவர்! தனக்கென்று ஒரு வாய்தா கேட்காமல் போய்விட்டார்.

அவர் கொடை வள்ளல், ஏழைகளின் தோழர் என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறோம். போடாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் சட்டையில் மூன்றாவது பட்டன் இருக்காது. அதைப் பார்த்து நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பாவம், வீட்டுல கவனிக்க ஆளில்ல போல" என்றீர்கள். அவர் துணைவியாரான அம்மாவின் காதில் விழும்படியே சொன்னீர்கள். அம்மா வாய் திறக்கவில்லை. அதுவும் சேவைதான்!

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவர் இருவராக ஏழை வீடுகளைச் சந்திப்பது நம் சபையின் வழக்கம். நான் அவருடைய ஜோடி. மூன்றாவது மாடியில் ஒரு தையற்காரம்மா. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். நாம் கொடுத்த மளிகைப் பையை இரண்டு முறை திருப்பி அனுப்பியவர். மூன்றாவது முறை போனபோது, மாடிப்படியிலேயே ஐயா தன் பட்டனைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா பண்றீங்க?"

"சும்மா வாய்யா."

கதவு பாதிதான் திறந்தது. "இங்க யாரும் உதவி கேக்கல."

"நான்தாம்மா கேட்டு வந்திருக்கேன். கோர்ட்டுக்குப் போகணும். பட்டன் தெறிச்சுப் போச்சு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. எந்தக் கோர்ட் திறந்திருக்கும்? ஆனால் கதவு திறந்தது! அந்த அம்மா தைத்து முடித்ததும் ஐயா மளிகைப் பையைக் கூலியாக நீட்டினார்.

"ஒரு பட்டனுக்கு இவ்வளவா?"

"வக்கீல் பட்டன்மா. ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி."

அதன்பின் வாராவாரம் பூசைக்கு வரும்போதே பட்டன் தெறித்திருக்கும். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். "வெளிய சொல்லிடாதய்யா, தையக்காரம்மா காதுக்குப் போயிடும்" என்றார். நான் சொல்லவில்லை.

பிறகு நம் சபை ஒரு தீர்மானம் போட்டது. உறுப்பினர்கள் கண்ணியமான உடையில்தான் வீடுகளுக்குச் செல்ல வேண்டும். யாரை மனதில் வைத்துப் போட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஏகமனதாக நிறைவேறியது. அவரும் கை தூக்கினார். அக்குளில் தையல் விட்டிருந்தது.

அடுத்த வாரம் இஸ்திரி போட்ட சட்டையில் போனார். தையற்காரம்மா மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இன்னைக்கு வேலை எதுவும் இல்லையா ஐயா?"

"இல்லம்மா..."

"அப்ப கூலியும் வேணாம்."

பையோடு இறங்கி வந்தோம். "அடுத்த கூட்டத்துல அந்தத் தீர்மானத்தை மாத்தச் சொல்லிக் கேக்கணும்யா" என்றார்.

அடுத்த கூட்டம் இதுதான்.

அடக்கத்தன்று அந்தத் தையற்காரம்மா வந்திருந்தார். பெட்டிக்குள் பார்த்தவர், "எல்லாப் பட்டனும் இருக்கே" என்று சொல்லி அழுதார். பிறகு என்னிடம், "அவரே பிச்சுக்கிட்டு வர்றது எனக்குத் தெரியாதா ஐயா? பிஞ்ச நூலைப் பார்த்தா தெரியாதா? அவருக்காகத்தான் தெரியாத மாதிரி இருந்தேன்" என்றார்.

யார் யாருக்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள்? நமக்குத் தெரிந்ததா? விசாரித்தோமா? தீர்மானம் மட்டும் போட்டோம்! போன வாரம் அந்த அம்மாவின் வாசலில் நாம் வைத்த பை, இதோ, பங்கு அலுவலகத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது.

எனவே, ஐயாவின் மனுவை அவர் சார்பில் நான் தாக்கல் செய்கிறேன். தீர்மானம் இன்றே ரத்தாக வேண்டும். கூட்டம் முடிந்ததும் இந்தப் பையோடு நான் மூன்றாவது மாடிக்குப் போகிறேன். கூட ஒருவர் வரவேண்டும். அவர் விட்ட வேலையை நாம் தொடர்வோம் என்று மேடையில் சொல்வது சுலபம். அந்தக் கதவு திறக்க வேண்டும்.

என் சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லாததை முன்வரிசையில் சிலர் இப்போதே கவனித்துவிட்டீர்கள். தயவுசெய்து என் மனைவியை எதுவும் சொல்லாதீர்கள்.