கண்ணசைவில் ஒரு மனிதரைக் கண்டறிந்த சந்திரலேகா அம்மையாருக்கு

முப்பத்தோராண்டுகள் எங்கள் மருத்துவமனையின் பதிவேடுகளைப் பழுதின்றிப் பேணிய பண்பாளரே! படித்த படிப்பைப் பறைசாற்றாத பெருந்தகையே! பயந்துகொண்டே இருந்தும் பயத்துக்குப் பணியாதவரே! தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூரில் பிறந்து, சென்னையில் மெய்யியல் பயின்று, கல்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு வாய்த்த அம்மையீர்! வணக்கம்.

இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடலும் மற்ற மடல்களைப் போலச் சட்டமிட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்படும். ஆனால் இதில் எங்கள் பிழையும் எழுதப்பட்டிருக்கும். அதை விட்டுவிட்டு உங்களைப் பாராட்ட எனக்கு வழி தெரியவில்லை.

உங்கள் பணிக்கோப்பில் இருக்கும் சான்றிதழ்களை இம்மடலுக்காகத்தான் முதன்முறையாக முழுதாகப் படித்தோம். மெய்யியலில் முதுகலை, முதல் வகுப்பு. மனம் பற்றிய மெய்யியலும் அறிதிறன் அறிவியலும் சிறப்புப் பாடங்கள். உளவியல் மாணவரோடும் மொழியியல் மாணவரோடும் கணினி மாணவரோடும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, மூளை எங்கே முடிகிறது, மனம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நரம்பியல் அடிப்படைத் தாளில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறியதும் அதில் இருக்கிறது. பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு. தலைப்பு: ‘பிறருக்கு மனம் உண்டென்று நாம் அறிவது எப்படி?’ மூன்றாம் ஆண்டில் தந்தையார் படுக்கையில் விழ, ஆய்வை நிறுத்திவிட்டு எங்களிடம் பதிவறை எழுத்தராக வந்தீர்கள்.

அந்தத் தலைப்பைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். “மேடம், எனக்கு மனசு இருக்குதா இல்லியா, பாத்துச் சொல்லுங்க!” என்று தேநீர் வேளையில் கேலி செய்திருக்கிறோம். நீங்களும் எங்களோடு சேர்ந்து சிரித்தீர்கள்.

ஈராண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விடாது பெய்த நாட்களில், வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து வெள்ளையன் வந்தார். நாற்பத்து நான்கு வயது. தன் சாமைக் கொல்லையில் நின்ற இடத்திலேயே விழுந்தவர். வெளியூர் மருத்துவமனையில் இருபத்து நான்கு நாள் வைத்திருந்து, நினைவு திரும்ப வழியில்லை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். கண்கள் மட்டும் திறந்து மூடின. கையைக் கிள்ளினாலும் அசைவில்லை. மனைவி குஞ்சம்மாள் கட்டிலருகே தரையில் அமர்ந்திருந்தார்.

பதினோராம் நாள் அண்ணன் இருசப்பன் மலையிலிருந்து இறங்கி வந்தார். கல் நெஞ்சர் அல்லர். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதபடிதான் சொன்னார்: “இன்னாத்துக்கு இன்னும் இழுத்துக்கினு கெடக்கணும்? நாளைக்கு வேனு வருதுங்க. கொழாய எட்த்துட்டு வூட்டுக்கு இட்டுக்கினு போயிடறோம்.”

சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம் என்ற படிவத்தில் கையொப்பம் வாங்கவே நீங்கள் வார்டுக்கு வந்தீர்கள். எழுதிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது. இருசப்பன் குழாய் என்று சொன்ன கணத்தில் வெள்ளையனின் கண்கள் மேலே போய்க் கீழே வந்ததைப் பார்த்துவிட்டீர்கள். குனிந்து, அவர் காதோரம் கேட்டீர்கள்: “வெள்ளையன், நான் பேசறது கேக்குதுன்னா கண்ண மேல தூக்குங்க.”

கண்கள் மேலே போயின.

நான் உங்களை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். “மேடம், அது தானா நடக்கறது. அந்தம்மாவுக்கு ஆசை காட்டி வுட்டுட்டுப் போயிடாதீங்க. கொல்றதுக்குச் சமம் அது” என்றேன். அப்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

“நானும் பயந்துக்கினுதான் இருக்கேன் சிஸ்டர். உள்ள ஆளு இருக்காருன்னு நம்பி, இல்லாம போச்சின்னா, அந்தம்மா ரெண்டாவது தடவ அழுவாங்க. உள்ள ஆளு இல்லன்னு நம்பி, இருந்துட்டாருன்னா? நாளைக்கு வேன்ல ஏத்தும்போது அவருக்கு எல்லாம் தெரியுமே. எந்தத் தப்ப நம்மளால தாங்க முடியும், நீங்களே சொல்லுங்க.”

மருத்துவர் தமிழழகனை நீங்களே போய் அழைத்து வந்தீர்கள். எழுத்தருக்கு நோயாளியிடம் என்ன வேலை என்று அவர் முகம் கேட்டது, வாய் கேட்கவில்லை. “பத்து கேள்வி கேக்கறேன் சார். பதில் எனக்கும் தெரியக் கூடாது, உங்களுக்கும் தெரியக் கூடாது. நம்ம முகத்தப் பாத்து அவர் சொல்லிட்டதா ஆயிடக் கூடாது” என்றீர்கள். அவர் கட்டிலருகே நின்று கண்களைக் கவனித்தார். மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை. அதே கேள்விகளை நான் வராந்தாவில் குஞ்சம்மாளிடம் கேட்டு, அவர் சொன்ன பதில்களை எழுதினேன். மாடு இருக்கிறதா, மூத்த பிள்ளை பெண்ணா, வீட்டுக் கூரை ஓடா, இப்படிப் பத்து.

இரு தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஒன்பது பொருந்தியது. எட்டாவது பொருந்தவில்லை. சின்ன மகள் பள்ளிக்கூடம் போகிறாளா என்ற கேள்விக்குக் குஞ்சம்மாள் ஆமாம் என்றிருந்தார். வெள்ளையனின் கண்கள் கீழே போயிருந்தன.

“ஒண்ணு தப்பா இருக்கே?” என்றார் மருத்துவர்.

குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “தப்பு இல்லீங்க. அவ போவல. ரெண்டு பேரும் இங்கியே கெடக்கறோம், பாத்துக்க ஆளு இல்லன்னு போன வாரந்தான் நிறுத்திட்டு சின்னசேலத்துல துணிக்கடைக்கு அனுப்பிட்டேன். கேட்டீங்களேன்னு வெக்கப்பட்டுக்கினு மாத்திச் சொல்லிட்டேன்.”

“அவர் விழுந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுதே. இவருக்கு யாரு சொன்னாங்க?” என்றார் மருத்துவர்.

“யாரும் சொல்லலீங்க. காதுல வுழாதுன்னு நெனச்சிக்கினு இவரு தலமாட்டுலதான் ஃபோன்ல எங்க மாமாகிட்ட பேசினேன்.”

இருசப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முன்பு தம்பியை எங்கே அடக்கம் செய்வது என்று அவர் கேட்டதும் அந்தக் கட்டிலுக்கு ஒரு முழத் தொலைவில்தான்.

அம்மையீர்! அந்த நிமிடத்தில் மற்றவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பதினொரு நாளாக அந்தக் கட்டிலருகே நான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தது. “இது இன்னும் எத்தினி நாளைக்கி இழுக்கும்? பெட்டு வேணுமே” என்று வார்டு உதவியாளரிடம் கேட்டிருந்தேன். அவர் என்று சொல்லவில்லை. இது என்று சொல்லியிருந்தேன். தொண்டைக் குழாயில் சளி எடுக்கும்போது ஒருமுறைகூட முன்னதாக அவரிடம் சொன்னதில்லை. மூச்சு முட்டும் அந்த அரை நிமிடத்தை, எப்போது வரும் என்று தெரியாமல், ஒரு நாளுக்குப் பத்து முறை அவர் தனியாகத் தாங்கியிருக்கிறார்.

வேன் திரும்பிப் போயிற்று. மறுபரிசோதனையில் மூளைத்தண்டில் அடைப்பு என்று தெரிந்தது. அறிவு முழுதாக இருந்தது. உடலுக்குப் போகும் வழி மட்டும் அறுந்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற வெள்ளையனுக்காக எழுத்துகளை வரிசை வரிசையாய்ப் பெரிய அட்டையில் எழுதி, உங்கள் உணவு இடைவேளையில் தினமும் வந்து அமர்ந்து, அவர் கண் மேலே போகும்வரை எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டினீர்கள். முதல் நாள் நாற்பது நிமிடத்தில் அவர் சொல்லி முடித்தது இரண்டே சொற்கள்: சொல்லிட்டு தொடு. அன்றிலிருந்து எங்கள் வார்டில் பேச்சு மூச்சில்லாதவரையும் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறோம்.

ஐந்து மாதத்தில் அவர் மலைக்குத் திரும்பினார். அட்டையும் கூடவே போனது. சின்ன மகள் மீண்டும் பள்ளிக்குப் போனாள். அவள்தான் அப்பாவிடம் அட்டை பிடித்தாள். எந்தக் கொல்லையில் என்ன விதைப்பது என்று ஒரு பட்டம் முழுவதும் அவர் கண்ணாலேயே சொன்னார். போன ஆனியில் நெஞ்சுச் சளியில் இறந்தார். இருசப்பன் வந்து சொன்னார்: “எல்லார்கிட்டயும் சொல்லிக்கினுதாங்க போனான்.”

இங்கேயே மடலை முடித்திருக்கலாம். ஆனால் சென்ற வாரம் பதிவறையில் உங்களிடம் ஒன்று கேட்டேன். வெள்ளையனுக்கு முன்னால் இப்படி எத்தனை பேரை நாம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்? எல்லாக் கோப்புகளும் உங்கள் கையில்தானே இருந்தன?

“தேடல சிஸ்டர். ரெண்டு வருஷமா தெனமும் தேடணும்னு நெனச்சிக்கினு வருவேன். கை வரல. பயம்” என்றீர்கள்.

உங்களைப் பற்றி எங்களுக்கிருந்த மதிப்பு அந்தச் சொல்லால் குறையவில்லை. எங்களுக்கும் அதே பயம்தான்; நாங்கள் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்காமல் ஈராண்டு இருந்துவிட்டோம். நேற்று மாலை நானும் மருத்துவர் தமிழழகனும் அமர்ந்து ஐந்தாண்டுக் கோப்புகளைப் பிரித்தோம். திறந்த கண்ணோடு, குழாயோடு வீட்டுக்குப் போனவர்கள் ஏழு பேர். நால்வர் இறந்துவிட்டதாகக் குறிப்பு இருக்கிறது. மூவரைப் பற்றி எதுவும் இல்லை. ஒருவர் நைனார்பாளையம், ஒருவர் சங்கராபுரம் பக்கம், ஒரு பெண் மலைமேல்.

அம்மையீர்! உங்களுக்கு நீண்ட ஆயுளும் நோயற்ற உடலும் நிறைந்த மனமும் வாய்க்க வேண்டுமென்று இம்மருத்துவமனையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் உளமார வேண்டுகிறோம். பாதியில் நின்ற ஆய்வை முடிக்க உங்களுக்குப் பொழுது வாய்க்கட்டும். ஆனால் நாளை ஒரு நாள் மட்டும் ஓய்வு வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும். முதலில் நைனார்பாளையம். அந்த வீட்டில் என்ன இருக்கும் என்று நினைக்கவே எங்களுக்கு அச்சமாக இருக்கிறது. அவரிடம் முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம்.

என்றும் உங்கள் நன்றியுள்ள
செவிலியர், மருத்துவர், ஊழியர் அனைவரின் சார்பில்
ராதிகா
தலைமைச் செவிலியர், ஆண்கள் வார்டு
நல்லொளி அறக்கட்டளை மருத்துவமனை
கல்வராயன் மலையடிவாரம், கள்ளக்குறிச்சி மாவட்டம்